வெளிநாட்டில் பிக்னிக்: ஸ்பூனும் கத்தியும் எடுத்துப் போவதா, போன இடத்தில் வாங்குவதா?

வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு வேளையையாவது உணவகத்தைத் தவிர்த்துவிட்டுச் சமாளிப்பவர்கள் நிறைய. சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி, சீஸ், பழம், ஒரு டப்பா தயிர், கொஞ்சம் சாலட் என்று வாங்கிக்கொண்டு பூங்காவிலோ ஆற்றங்கரையிலோ உட்கார்ந்தால் செலவும் குறைவு, கூட்டமும் இல்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து தயிர் டப்பாவின் மூடியைப் பிரித்த பிறகுதான் ஸ்பூன் இல்லை என்பது உறைக்கும். முழு ரொட்டியைக் கையால் பிய்க்கலாம். சீஸ் கட்டியை என்ன செய்வது?

இதற்கு வழி நான்குதான். வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம், போன இடத்தில் வாங்கலாம், தங்கும் இடத்தில் இரவல் கேட்கலாம், கடையில் கொடுக்கும் தூக்கியெறியும் சாமான்களை வைத்து ஒப்பேற்றலாம். எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. ஸ்பூன், முள்கரண்டி, கத்தி மூன்றையும் ஒரு செட் என்று நினைத்து ஒரே உறையில் போட்டு வைப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. ஸ்பூனுக்கு ஒரு தடையும் இல்லை. கத்திக்கு விமானத்தில் ஒரு சட்டம், தரையில் இன்னொரு சட்டம், சுற்றுலாத் தலத்தின் வாசலில் மூன்றாவது சட்டம். ஆகவே இரண்டையும் பிரித்து முடிவெடுக்க வேண்டும். ஸ்பூனையும் டப்பாவையும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள், கத்தி தேவைப்பட்டால் அங்கே வாங்குங்கள் என்பது என் கட்சி. ஏன் என்பதைக் கத்தியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விமானத்தில் கத்தி

செக்-இன் செய்யும் பெட்டியில் கத்தி வைப்பதில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பெட்டியைத் திறந்து சோதிப்பவர் கையைக் கிழிக்காதபடி உறையில் போட்டோ, தடித்த அட்டையில் சுற்றியோ வைத்தால் போதும். பிரச்சினை எல்லாம் கேபின் பையோடு மட்டும் பறப்பவர்களுக்குத்தான். இப்போதெல்லாம் மலிவு விமானங்களில் செக்-இன் பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்பதால் அப்படிப் பறப்பவர்கள்தான் அதிகம்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, அலகு 6 செ.மீ.க்கு மேல் உள்ள கத்தியைக் கேபினுக்குள் கொண்டுபோக முடியாது. அதற்குள் இருந்தால் விதி தடுப்பதில்லை. கனடாவும் அதே 6 செ.மீ. கணக்கைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போகும் விமானம் என்றால் அந்தச் சலுகை கிடையாது. பிரிட்டனின் பட்டியலோ கூரான கத்தியையே ஏற்பதில்லை. அமெரிக்காவில் சிறிதோ பெரிதோ, கேபினில் கத்தி கூடவே கூடாது. முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்திக்கும் பிளாஸ்டிக் கத்திக்கும் மட்டும் விலக்கு. 2013 மார்ச்சில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் சிறு கத்திகளை அனுமதிக்கப் போவதாக அறிவித்தது. அதிலும் அளவு 2.36 அங்குலம், அதாவது அதே 6 செ.மீ.தான். விமானப் பணியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூன் மாதமே அந்த யோசனையைக் கைவிட்டுவிட்டார்கள். அதே விமானத்தில் விலை கூடிய வகுப்பில் சாப்பாட்டோடு உலோகக் கத்தி வைப்பார்கள் என்பது வேறு விஷயம். அதைப் பற்றிப் பாதுகாப்பு வரிசையில் நின்றுகொண்டு வாதாடாமல் இருப்பது நல்லது.

இந்த வேறுபாடுகள் நடைமுறையில் எப்படிக் கடிக்கும் என்று பாருங்கள். சுவிஸ் ராணுவக் கத்தி வகையிலேயே மிகச் சிறியதான, சாவிக் கொத்தில் மாட்டும் 58 மி.மீ. கத்தியின் அலகு 4 செ.மீ.கூட இருக்காது. ஐரோப்பாவுக்குள் ஒரு விமானத்தில் அது போய்விடும். திரும்பும் வழியில் வேறொரு நாட்டில் விமானம் மாறி, அங்கே மறுபடி பாதுகாப்புச் சோதனை என்றால், அந்த நாட்டின் விதிதான் செல்லும். அதோடு, விதிப் புத்தகம் எதுவாக இருந்தாலும் அந்த இயந்திரத்தின் முன் நிற்கும் அதிகாரியின் சொல்தான் கடைசிச் சொல். வீட்டுக்குத் திரும்பும் நாளில், பரிசாக வந்த நல்ல கத்தியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருவதை விட, அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது மேல்.

தரையில் கத்தி

செக்-இன் பெட்டி இருக்கிறது, ஆகவே கவலை இல்லை என்று நினைப்பவர்கள் மறப்பது இந்தப் பகுதியைத்தான். பிக்னிக் கத்தி ஹோட்டல் அறையில் இருந்து பயனில்லை. பகல் முழுவதும் தோள்பையில் உங்களோடு ஊர் சுற்ற வேண்டும். அங்கே வருகிறது அந்தந்த நாட்டுச் சட்டம்.

இங்கிலாந்தில், மடங்கக்கூடிய, பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்குள் (7.62 செ.மீ.) உள்ள பேனாக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். மற்ற எல்லாக் கத்திக்கும் பொது இடத்தில் தகுந்த காரணம் வேண்டும். பிக்னிக் என்பது காரணம்தான், ஆனால் ரொட்டியும் சீஸும் பக்கத்தில் இருக்கும்போது அதைச் சொல்வது எளிது. இரவு பத்து மணிக்கு ரயிலடியில் வெறும் பையோடு நின்றுகொண்டு சொல்வது கஷ்டம். மழுங்கிய வெண்ணெய்க் கத்திகூட இந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்று 2005இல் அங்கே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அலகு திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் மடக்குக் கத்திக்கும் அந்த 3 அங்குலச் சலுகை பொருந்தாது. பிக்னிக் என்றாலே பலரும் பரிந்துரைக்கும் பிரெஞ்சு மரப்பிடிக் கத்தியான ஓபினெலின் எட்டாம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அலகு 8.5 செ.மீ., கழுத்தில் 1955 முதல் வந்த திருகு வளையப் பூட்டு. பிரான்சின் கிராமப்புறச் சந்தையில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதையே ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால் நீளத்திலும் தேறாது, பூட்டிலும் தேறாது.

ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேல் அலகுள்ள கத்தியைத் தகுந்த காரணமின்றி வெளியில் வைத்திருப்பது குற்றம். அதைவிடச் சிறியதையும் காரணமில்லாமல் மறைத்து வைத்திருந்தால் சிறு குற்றச் சட்டத்தில் பிடிக்க முடியும். "எப்போதாவது பழம் நறுக்க உதவும் என்று பையில் கிடக்கிறது" என்பது அங்கே நல்ல பதில் அல்ல. ஜெர்மனியில் 2024 அக்டோபர் இறுதியில் வந்த திருத்தம், பொதுத் திருவிழாக்களிலும் தொலைதூர ரயில்களிலும் கத்தி வைத்திருப்பதைத் தடை செய்தது. சட்டென்று கைக்கு எட்டாதபடி மூடி எடுத்துச் செல்வதற்கு விலக்கு உண்டு. சீனாவில் பெய்ஜிங் மாதிரி நகரங்களில் மெட்ரோ ரயிலுக்கே பையை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுகிறார்கள். ஸ்பெயினில் அதிவேக ரயில் ஏறும் முன் பைச் சோதனை உண்டு.

சட்டத்தை விடுங்கள். சுற்றுலாப் பயணி போகும் இடங்களே கத்திக்கு எதிரானவை. ஈஃபில் கோபுரத்திலும் சுதந்திர தேவி சிலைத் தீவுக்குப் படகு ஏறும் இடத்திலும் விமான நிலையம் மாதிரியே சோதனை. கத்தி உள்ளே போகாது. ஈஃபிலில் கண்ணாடிப் புட்டியும் போகாது. காலையில் அருங்காட்சியகம், மதியம் பூங்காவில் சாப்பாடு, மாலையில் கோபுரம் என்று திட்டம் போட்டவர், மதியச் சாப்பாட்டின் கத்தியை மாலையில் எங்கே வைப்பார்? பொருள் வைப்பறை தேடி அலைவது சீஸை விடச் செலவு வைக்கும்.

கத்தி இல்லாமலே முடியுமா?

பெரும்பாலும் முடியும். ரொட்டி விற்கும் கடைகள் பலவற்றில் துண்டு போடும் இயந்திரம் இருக்கிறது. கேட்டால் போட்டுத் தருவார்கள். சீஸ் கவுண்டரில் கட்டியாக வாங்காமல், மெல்லிய துண்டுகளாகச் சீவித் தரச் சொல்லலாம். கொஞ்சம் சீக்கிரம் காய்ந்துபோகும், ஆனால் அன்றைக்கே சாப்பிடப் போகிறோம். மொழி தெரியாத ஊரில் கையை வாள் மாதிரி ஆட்டிக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள். மென்மையான சீஸ் என்றால் ஸ்பூனின் விளிம்பே வெட்டிவிடும். இன்னும் ஒரு தந்திரம்: வாசனையில்லாத பல் இடுக்குத் துப்புரவு நூல். இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்து அழுத்தினால் சீஸ், கேக், அவித்த முட்டை எல்லாம் கத்தியை விடச் சுத்தமாக வெட்டுப்படும். நூலை யாரும் எந்தச் சோதனையிலும் தடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. புதினா வாசனை நூலை எடுத்துப் போனால் சீஸும் புதினா வாசனை அடிக்கும், அவ்வளவுதான்.

கத்தரிக்கோலும் நல்ல மாற்று. அமெரிக்காவில் திருகாணியிலிருந்து முனை வரை 4 அங்குலத்துக்குள், ஐரோப்பாவில் 6 செ.மீ.க்குள் இருந்தால் கேபினில் போகலாம். பொட்டலம் பிரிப்பது, கீரைத் தண்டு நறுக்குவது, தட்டை ரொட்டியைத் துண்டு போடுவது எல்லாம் அதில் ஆகும். தக்காளி மட்டும் ஆகாது. சின்னத் தக்காளியாக வாங்கினால் தக்காளிக்கும் கத்தி வேண்டாம்.

சரி, இதெல்லாம் சரிப்பட்டு வராது, முலாம்பழம் அரிய வேண்டும், அன்னாசி வெட்ட வேண்டும் என்பவர்கள் அங்கே போய் ஒரு சிறு சமையலறைக் கத்தி வாங்கிவிடுங்கள். எந்த ஊர் சூப்பர்மார்க்கெட்டிலும் பாத்திரப் பகுதியில் இருக்கும். ரம்பப் பல் உள்ளதாகப் பாருங்கள். 11 செ.மீ. அலகு, முனை வளைந்து மழுங்கியது, தக்காளிக் கத்தி என்ற பெயரில் விக்டோரினாக்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் செய்கின்றன. தக்காளிக்கென்று பெயர் இருந்தாலும் ரொட்டிக்கும் கெட்டிச் சீஸுக்கும் அதுதான் சரி, பையில் குத்தாது. உறை இல்லையென்றால் தானிய அட்டைப்பெட்டியை வெட்டி மடித்து டேப் ஒட்டினால் உறை தயார். இங்கிலாந்தில் கத்தி வாங்க வயது 18 ஆகியிருக்க வேண்டும். இளமையாகத் தெரிபவர்களிடம் அடையாள அட்டை கேட்பார்கள்.

ஸ்பூன்: இதை மட்டும் வாங்காதீர்கள்

ஸ்பூனுக்கு இத்தனை பாடு இல்லை. உங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கும் சாதாரண எவர்சில்வர் ஸ்பூன் ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டால் வேலை முடிந்தது. எந்த விமான நிலையமும் தடுக்காது. முள்கரண்டியும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் முள்ளின் கூர்மையைப் பார்த்து முகம் சுளிக்கும் அதிகாரிகள் உண்டு என்பதால் விலை உயர்ந்த செட்டில் இருந்து ஒன்றை உருவி எடுத்துப் போக வேண்டாம். ஒரே ஒன்றுதான் எடுப்பேன் என்றால் ஸ்பூனை எடுங்கள். சாலடை ஸ்பூனால் சாப்பிடலாம், தயிரை முள்கரண்டியால் சாப்பிட முடியாது.

இங்கே பயணச் சாமான் விற்கும் கடைகள் உங்களுக்குப் பல வகை ஆசை காட்டும். முதலில் டைட்டானியம். எடை உண்மையிலேயே குறைவுதான்: அதன் அடர்த்தி எவர்சில்வரில் பாதியை விடச் சற்றே அதிகம், ஒரு டைட்டானியம் ஸ்பூன் 20 கிராமுக்குள் நின்றுவிடும். மலையேறுபவர் கிராம் கிராமாகக் கணக்குப் பார்ப்பதில் நியாயம் உண்டு. பூங்காவுக்கு நடந்துபோகிறவருக்கு அந்த 20, 30 கிராம் மிச்சத்தால் என்ன ஆகப் போகிறது? துருப்பிடிக்காது, உலோக வாடை வராது என்பார்கள். நல்ல எவர்சில்வரும் அப்படித்தான்.

அடுத்து, ஸ்பூனும் முள்ளும் சேர்ந்த ஸ்போர்க். ஒரே முனையில் இரண்டும் உள்ள வகையில் சூப் வழிந்துவிடும், முள்ளோ எதையும் சரியாகக் குத்தாத அளவுக்குக் குட்டை. ஒரு பக்கம் ஸ்பூன், மறுபக்கம் முள் என்ற வகை பரவாயில்லை. ஆனால் ஒரு பக்கத்தால் தயிர் சாப்பிட்டுவிட்டு மறுபக்கத்தால் சாலடைக் குத்தப் போனால் கைப்பிடி முழுவதும் தயிர். எனக்கு இதில் பெரிய மரியாதை இல்லை. மடங்கும் ஸ்பூன்களில் மூட்டு இருக்கிறது. மூட்டுக்குள் எண்ணெயும் மாவும் போய் உட்கார்ந்தால் பல் துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்தால்தான் போகும். பொது இடத்துக் குழாயடியில் அதைச் செய்ய யாருக்குப் பொறுமை?

பிளாஸ்டிக் ஸ்பூனில், கெட்டியான, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வகை மோசமில்லை. ஆனால் பெட்டியின் அடியில் அழுத்தம் தாங்காமல் கழுத்தில் முறிவது அதன் வழக்கம். மூங்கில் என்ற பெயரில் வருவதில் ஒரு எச்சரிக்கை. முழு மூங்கிலைச் செதுக்கிய ஸ்பூன் வேறு. மூங்கில் பொடியை மெலமைன் பிசினில் கலந்து வார்த்த தட்டு, கோப்பை வேறு. இரண்டாவது வகையில் சூடான உணவோ பானமோ படும்போது மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் உணவில் இறங்கக்கூடும். 2021இல் ஐரோப்பிய ஆணையம் இவற்றைச் சந்தையிலிருந்து விலக்கத் தனி நடவடிக்கையே எடுத்தது. வழுவழுப்பாக, பல நிறங்களில், இயற்கைப் பொருள் என்ற முத்திரையோடு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மரமும் மூங்கிலும் இன்னொரு இடத்தில் தொல்லை தரும். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்கள் மரத்தாலான எதையும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும், ஸ்பூன் உட்பட. சுத்தமாக, பூச்சி அரிக்காமல் இருந்தால் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். அறிவிக்காமல் மாட்டினால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். ஒரு மூங்கில் ஸ்பூனுக்காக அந்த வரிசையில் நிற்பதற்குப் பதில் எவர்சில்வரோடு நேராக வெளியே போய்விடலாம்.

தட்டு வேண்டாம், டப்பா வேண்டும்

பிக்னிக் என்றதும் தட்டு நினைவுக்கு வரும். தட்டு தட்டையாக இருப்பதாலேயே பயணத்துக்குப் பொருந்தாது. பைக்குள் எதையும் அடைக்க முடியாத ஒரு வட்டம் அது. அதற்குப் பதில் நான்கு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கும் நடுத்தர அளவு பிளாஸ்டிக் டப்பா ஒன்று. மூடியைக் கவிழ்த்தால் வெட்டுப் பலகை, திருப்பினால் தட்டு, உள்ளே சாலட் கலக்கும் கிண்ணம். சாப்பிட்டது போக மிஞ்சியது அதிலேயே மூடி ராத்திரிக்கு. அழுக்கு ஸ்பூனையும் உள்ளே போட்டு மூடிவிட்டால் அறைக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம்; பையில் ஒரு சொட்டு வழியாது. விமானத்தில் போகும்போது அதே டப்பாவுக்குள் சாக்ஸையோ சார்ஜரையோ அடைத்துவிடலாம், இடமும் வீணாகாது.

மடங்கும் சிலிகான் கிண்ணம் பார்க்க அழகு. மடித்தால் ஒரு விரல் தடிமன்தான். ஆனால் மடியில் வைத்துச் சாப்பிடும்போது சுவர் குழைந்து உள்ளே சாயும், சிலிகானில் ஏறிய வெங்காய வாடை அடுத்த ஊர் வரை கூட வரும். இடம் ரொம்ப நெருக்கடி என்றால் மட்டும் அது. கண்ணாடி டப்பா வேண்டவே வேண்டாம். கனம், உடையும், சில இடங்களில் உள்ளேயே விட மாட்டார்கள்.

கோப்பைக்குத் தனியாக எதுவும் வேண்டியதில்லை. தண்ணீர்ப் புட்டியின் மூடி கோப்பையாகும் வகை இருந்தால் அதுவே போதும். கூடவே ஒரு பருத்தித் துண்டு. மேசை விரிப்பு, கை துடைப்பான், ஸ்பூன் உறை மூன்றும் அதுதான். தக்கை மூடியுள்ள புட்டிகளைத் திறக்கும் பழக்கம் இருப்பவர்கள், அலகு இல்லாத தக்கைத் திருகியாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்கக் கேபினில்கூட அது போகும். சின்ன அலகு ஒன்று ஒட்டியிருந்தால் போகாது.

அங்கே வாங்கினால்

முழுவதையும் போன இடத்தில் வாங்குவதற்கும் ஒரு நியாயம் உண்டு, குறிப்பாக ஒரே ஊரில் சில வாரங்கள் தங்குபவர்களுக்கும் குடும்பமாகப் போகிறவர்களுக்கும். நான்கு பேருக்கும் தட்டு, பாத்திரம் என்று வீட்டிலிருந்து சுமப்பதில் அர்த்தமில்லை.

எங்கே வாங்குவது என்பதில்தான் வித்தியாசம். விமான நிலையக் கடையும் மலையேற்றச் சாமான் கடையும் கடைசித் தேர்வாக இருக்கட்டும். ஒரே பொருளுக்கு அங்கே பயண முத்திரை குத்தி விலை ஏற்றியிருப்பார்கள். சூப்பர்மார்க்கெட்டின் பாத்திரப் பகுதி நடுத்தரம். அங்கே உள்ள தொல்லை, ஸ்பூன்கள் ஆறாகவோ நான்காகவோ கட்டி விற்கப்படுவது. தனியாக ஒன்று வேண்டுமென்றால் எல்லாம் ஒரே விலைக் கடை, அல்லது இன்னும் நல்லது, பழைய சாமான் கடை. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளில் ஒரு கூடை நிறைய ஒற்றை ஸ்பூன்களும் முள்கரண்டிகளும் கொட்டிக் கிடக்கும். பொறுக்கி எடுத்து, நல்ல சூடான தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். சில நேரம் வெள்ளி முலாம் பூசிய கனத்த பழைய ஸ்பூன் மாட்டும். அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரத் தோன்றும்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். வாங்கிக்கொள்ளலாம் என்று போனவர்களுக்கு முதல் நாள்தான் சங்கடம். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ இறங்கினால் பெரிய ரயில் நிலையக் கடைகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் மூடியிருக்கும். ரயில் நிலையத்தில் சாப்பாடு கிடைக்கும், பாத்திரம் கிடைக்காது. வீட்டு ஸ்பூன் ஒன்று பையில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இரவலும் இனாமும்

சமையலறை உள்ள அடுக்ககமோ ஹாஸ்டலோ எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அலமாரியில் இருப்பதைப் பகலில் எடுத்துப்போய் மாலையில் கொண்டுவந்து வைக்கலாம். அடுக்ககத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. ஹாஸ்டலில் வரவேற்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். ஹாஸ்டல் சமையலறைகளில் எப்போதும் ஸ்பூன் பஞ்சம் இருப்பதற்குச் சொல்லாமல் எடுத்துப்போனவர்கள்தான் காரணம். சாதாரண ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இந்த வழியின் குறை ஒன்றுதான்: ஊர் மாறும் நாளில் உங்களிடம் எதுவும் இருக்காது. பயணிகள் பிக்னிக் சாப்பிடுவதே அதிகமும் அந்த நாளில்தான், ரயிலிலோ பேருந்து நிலையத்திலோ. விமானத்தில் கொடுத்த உலோக ஸ்பூனைப் பையில் போட்டுக்கொள்வது இரவலில் சேராது. அதற்குப் பெயர் வேறு.

இனாமாகக் கிடைப்பதை நம்பியிருந்த காலம் மாறிக்கொண்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்பூன், முள்கரண்டி, கத்தி, தட்டு ஆகியவை 2021 ஜூலை 3 முதல் தடை. தாவரத்திலிருந்து செய்த பிளாஸ்டிக்கும் அந்தத் தடைக்குள் வரும். இந்தியாவில் 2022 ஜூலை 1, இங்கிலாந்தில் 2023 அக்டோபர் 1. ஜப்பானில் தடை இல்லை. ஆனால் 2022 ஏப்ரலில் வந்த சட்டத்துக்குப் பிறகு கடைகள் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பூன் தருகின்றன, கேட்காவிட்டால் இல்லை. பிளாஸ்டிக்குக்குப் பதில் வந்திருப்பவை மரத்தாலும் காகிதத்தாலும் ஆனவை. மர ஸ்பூனின் சொரசொரப்பு நாக்கில் படும்போது ஐஸ்கிரீம் குச்சியைச் சப்புவது போலிருக்கும். காகித ஸ்பூன் தயிர் டப்பாவின் பாதியிலேயே தொய்ந்துவிடும். தடையில்லாத நாடுகளில் கிடைக்கும், மக்கும் என்று எழுதிய வெள்ளை ஸ்பூன்களில் சாதாரண ரகம் 60 டிகிரி சூட்டிலேயே வளைய ஆரம்பிக்கும், சூப்புக்கு உதவாது. மக்குவதற்கும் தொழிற்சாலை அளவிலான உரக்கூடம் வேண்டும். பூங்காக் குப்பைத் தொட்டியில் போட்டால் மக்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். மற்றபடி, பயணத்தில் ஒரே ஒரு தடவைதான் பிக்னிக் என்றால் இதுவே போதும். அதற்காக எதையும் வாங்கவோ சுமக்கவோ தேவையில்லை.

யாருக்கு எது

கேபின் பை மட்டும், தனியாள், ஊர் ஊராக மாறும் பயணம்: எவர்சில்வர் ஸ்பூன், கொக்கி டப்பா, துண்டு, பல் நூல். கத்தி கிடையாது. செக்-இன் பெட்டி உண்டு, கிராமப்புறத்தில் நடை, வாடகைக் கார்: உறையோடு ரம்பப் பல் கத்தியை வீட்டிலிருந்தே போடலாம், காரின் பின்பெட்டியில் சாப்பாட்டுக் கூடையோடு இருக்கட்டும், கார் கதவின் உள்பையில் வேண்டாம். பெருநகரம், கோபுரம், அருங்காட்சியகம் என்று சுற்றுபவர்களுக்குப் பெட்டி இருந்தாலும் கத்தி வேண்டாம் என்றுதான் சொல்வேன். குழந்தைகளோடு போகிறவர்கள் அவரவருக்கு ஒரு ஸ்பூன் வீட்டிலிருந்தும், தட்டுகளை அங்கேயும் பாருங்கள்; தன் சொந்த ஸ்பூன் என்றால் சாப்பிடுவதில் அடம் கொஞ்சம் குறையும்.

கடைசி நாள் கணக்கு ஒன்று இருக்கிறது. அங்கே வாங்கிய கத்தியை விமான நிலையம் வரை கொண்டுபோகாதீர்கள். ஹாஸ்டல் சமையலறையிலோ அடுக்ககத்து இழுப்பறையிலோ கழுவி வைத்துவிட்டால் அடுத்து வருபவருக்கு உதவும், வீட்டுக்காரரிடம் ஒரு வரி சொல்லிவிடுங்கள். மிஞ்சிய சாப்பாட்டில் ரொட்டியும் பழமும் கெட்டிச் சீஸும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டும். தயிர், ஜாம், கடலை வெண்ணெய், பூசும் சீஸ் எல்லாம் அங்கே திரவக் கணக்கு. பல விமான நிலையங்களில் 100 மி.லி.க்கு மேல் உள்ள டப்பாவைத் தூக்கிப் போடச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும் முன்பே ஸ்பூனை எடுத்து அதைக் காலி செய்துவிடுங்கள்.